ஆலோசனைக் கட்டணம் நாங்கள் கொடுத்தோம், கமிஷன் அவர்கள் கொடுத்திருக்கிறார்கள்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்க, சில விவரங்களையும் தொகைகளையும் மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அப்பா, சித்தப்பா, இவர் என மூவரும் பங்குதாரர்களாக உள்ள பனியன் ஏற்றுமதி நிறுவனம். நூல் வாங்குவது முதல் ஷிப்மென்ட் வரை எல்லாம் நோட்டிலும் எக்செல்லிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு லாட்டும் எங்கே நிட்டிங் ஆனது, எங்கே சாயம் ஏறியது என்று ஐரோப்பிய பையர் ஒருவர் கேட்க ஆரம்பித்ததும், கொள்முதல் முதல் கணக்கு வரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் ஈஆர்பி மென்பொருள் வாங்கலாம் என்று முடிவு செய்தார்கள். எதை வாங்குவது என்று தெரியாததால், சித்தப்பா தனக்குப் பழக்கமான கோவை ஆலோசகர் ஒருவரை அழைத்து வந்தார். கட்டணம் மூன்றரை லட்சம். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒரு கொட்டேஷன், அதற்கு 'ஓகே சார்' என்று ஒரு பதில், பிறகு ஜிஎஸ்டி இன்வாய்ஸ். அவ்வளவுதான்.

ஆலோசகர் மூன்று மென்பொருள்களை ஒப்பிட்டு மதிப்பெண் போட்டார். ஒன்றுக்கு 87, மற்றவற்றுக்கு 61, 58. "விலையை நான் பேசிக் குறைத்துத் தருகிறேன்" என்று பேச்சுவார்த்தையையும் அவரே நடத்தினார். லைசென்ஸுக்கு 22 லட்சம், நிறுவித் தருவதற்கு 12 லட்சம், ஐந்து வருட ஒப்பந்தம். இதுவரை 20 லட்சம் கொடுத்தாயிற்று. எட்டு மாதம் ஆகியும் சாயப்பட்டறைக்குப் போய் வரும் துணியின் கணக்கு நிற்கவில்லை. டெஸ்பாட்ச் பையன் இன்னும் டிசி (டெலிவரி சலான்) புத்தகத்தில் கையால்தான் எழுதுகிறான்.

போன மாதம் மென்பொருள் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து பாக்கி கேட்டு ஒரு மெயில் வந்தது. அதன் அடியில் அவர்களுடைய உள்மெயில்களும் தவறுதலாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. லைசென்ஸ் தொகையில் 20 சதவீதம், அதாவது 4,40,000 ரூபாய், 'பார்ட்னர் மார்ஜின்' என்று ஆலோசகரின் மனைவி பெயரில் உள்ள நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. ஆலோசகரிடம் போனில் கேட்டால், "இதெல்லாம் இந்த ஃபீல்டில் சகஜம்மா, அதுக்காக நான் தப்பான சாஃப்ட்வேரைச் சொல்லலையே" என்கிறார். "விடும்மா, அந்தக் காசு நம்ம கையிலிருந்தா போச்சு?" என்கிறார் அப்பா. சித்தப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதற்கிடையில், மாதம் 60,000 சம்பளத்தில் அதே ஆலோசகரை ப்ராஜெக்ட் மேனேஜராகப் போடும் இரண்டாம் கட்ட ஒப்பந்தத்தில் மாத இறுதிக்குள் கையெழுத்து கேட்கிறார்கள்.

வாசகி கேட்பவை: இது மோசடிதானே, போலீஸில் புகார் கொடுக்கலாமா? எழுத்தில் ஒன்றும் இல்லாததால் சட்டப்படி எதுவும் செய்ய முடியாதா? மென்பொருள் ஒப்பந்தத்தை ரத்து செய்து 20 லட்சத்தையும் திரும்பக் கேட்கலாமா? அடுத்த முறை எந்தக் கம்பெனியுடனும் தொடர்பே இல்லாத ஆலோசகரை எப்படிக் கண்டுபிடிப்பது?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த இடம் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மதிப்பெண் அட்டவணை வந்த அன்று, "சார், இவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறீர்கள். "நான் நியூட்ரல்மா, எனக்கு எல்லா வெண்டாரும் ஒண்ணுதான்" என்று அவர் பதில் போட்டிருக்கிறார். உங்கள் கையில் உள்ளவற்றில் அந்த 4,40,000 ரூபாய் மெயிலைவிட இந்த ஒரு வரிக்குத்தான் கனம் அதிகம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்பாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் இந்த விஷயம் அந்த இடத்திலேயே அடங்கிப்போகிறது. அந்தக் காசு நம் கையிலிருந்து போகவில்லையா? வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர்களுக்குத் தெரியும். டப்பாவுக்குள் பெயிண்டருக்கென்று ஒரு டோக்கன் கிடக்கும். எந்த பிராண்டில் டோக்கன் தொகை அதிகமோ, அதைத்தான் 'நல்ல பெயிண்ட்' என்று சொல்லத் தோன்றும். டோக்கன் பணத்தைக் கம்பெனி தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து தருவதில்லை, டப்பா விலைக்குள் அது இருக்கிறது. உங்கள் 22 லட்சத்துக்குள் அந்த 4,40,000 இருந்தது. ஆலோசகர் மார்ஜினே வாங்காதவராக இருந்து, உங்களுக்காக உண்மையாகவே விலை பேசியிருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும் என்று யோசியுங்கள். அவருக்கோ, லைசென்ஸ் விலையில் ஒரு லட்சம் குறைந்தால் கையில் 20,000 குறையும். விலையைக் குறைத்துத் தருவதாகச் சொன்னவருக்கு விலை குறைந்தால் நஷ்டம்.

இன்னொன்றும் பாருங்கள். நீங்கள் கொடுத்தது மூன்றரை லட்சம், அவர்கள் கொடுத்தது 4,40,000. உங்களைவிட அதிகமாகக் கூலி கொடுத்தவர்கள் அவர்கள்.

அதற்காக அந்த மென்பொருளே மோசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடிதம் முழுக்க அந்தக் கோபம் தெரிகிறது, அது எனக்குப் புரிகிறது. கமிஷன் வாங்கிக்கொண்டு நல்ல பொருளையும் பரிந்துரைக்க முடியும். நீங்கள் அனுப்பிய மதிப்பெண் அட்டவணையைப் பார்த்தேன். அதில் நேரடியாகப் பொய் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சாய்வு இருப்பது மதிப்பெண் ஒதுக்கியதில். 'கம்பெனியின் உள்ளூர் சப்போர்ட்' என்பதற்கு 30 மதிப்பெண், 'ஜாப் ஒர்க் கணக்கு', அதாவது வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலைகளின் கணக்கு, என்பதற்கு வெறும் 5. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஜாப் ஒர்க்தானே உயிர்நாடி? ஆயிரம் கிலோ துணி சாயப்பட்டறைக்குப் போனால் ஆயிரம் கிலோவாகத் திரும்பாது. ப்ராசஸ் லாஸ் போக மீதிதான் வரும், காம்பாக்டிங் போய் வந்தால் எடை இன்னும் மாறும், கட்டிங்கில் கிலோ பீஸாக மாறிவிடும். இதைப் புரிந்துகொள்ளாத மென்பொருள் ஒவ்வொரு முறையும் 'ஸ்டாக் குறைகிறது' என்றுதான் காட்டும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கைக் காட்டும் ஐடிசி-04 படிவத்தை ஜிஎஸ்டிக்குப் போடும்போதும் அதே குழப்பம். உங்கள் டெஸ்பாட்ச் பையன் டிசி புத்தகத்தை விடாததில் வியப்பில்லை. உங்கள் ஃப்ளோரில் ஒரு நாள் நின்று பார்த்த எவரும் அதற்கு 5 மதிப்பெண் போட்டிருக்க மாட்டார்கள். பக்கச்சார்பு பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. தெரிந்தே செய்தாரா, தன்னையறியாமல் செய்தாரா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. அதை நிரூபிக்க வேண்டிய சுமை உங்களுக்கு இல்லை என்பதுதான் நல்ல செய்தி.

கமிஷன் வாங்கியதே குற்றமா?

இல்லை. இங்கே உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. மென்பொருள் விற்பவர்களுக்கு ஊர் ஊராகப் பார்ட்னர்கள் இருப்பதும், விற்றால் மார்ஜின் தருவதும் வெளிப்படையாக நடக்கிற வியாபாரம். "நான் இந்தக் கம்பெனியின் பார்ட்னர், இதை விற்றால் எனக்கு இவ்வளவு கிடைக்கும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் மேல் குறை சொல்ல இடமில்லை. தெரிந்துகொண்டு நீங்கள் முடிவெடுத்திருப்பீர்கள். ஒருவேளை ஆலோசனைக் கட்டணமே கொடுத்திருக்க மாட்டீர்கள். தவறு, மறைத்ததில் இருக்கிறது.

வேறு சில தொழில்களில் இதற்குத் தனி விதிகளே உண்டு. நோயாளியை அனுப்பி வைப்பதற்காகக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. முதலீட்டு ஆலோசகர்களுக்கு, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2013இல் கொண்டுவந்த விதிகளின் நோக்கமும் இதுதான். ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, அவருக்கு விற்ற திட்டத்துக்குக் கமிஷனும் வாங்கக் கூடாது. தொழில்நுட்ப ஆலோசகர்களுக்கு அப்படி ஒரு கவுன்சிலும் இல்லை, பறிப்பதற்கு லைசென்ஸும் இல்லை. நாளைக்கு யார் வேண்டுமானாலும் கார்டு அடித்துக்கொள்ளலாம். ஆகவே நமக்குக் கைகொடுப்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான். பழைய சட்டம் என்று குறைவாக நினைக்க வேண்டாம், இந்த விஷயத்தில் அது தெளிவாகவே பேசுகிறது.

ஒருவருக்காக மூன்றாம் நபரிடம் பேசி வேலை முடித்துத் தருபவர் சட்டத்தின் பார்வையில் ஏஜென்ட். உங்கள் ஆலோசகர் அறிக்கை கொடுத்ததோடு நின்றிருந்தால், 'நான் வெறும் ஆலோசனைதான் சொன்னேன், ஏஜென்ட் இல்லை' என்று வாதாட இடம் இருந்திருக்கும். உங்கள் சார்பில் விலை பேசப் போனதால் அந்த வாதம் பலவீனமாகிறது. தன் முதலாளிக்குத் தெரியாமல் ஏஜென்ட் அந்த வேலையில் தனக்கென்று ஆதாயம் தேடினால், அதை முதலாளி கேட்டுப் பெறலாம் என்கிறது 216ஆம் பிரிவு. நடத்தை தவறிய பகுதி வேலைக்கு ஏஜென்ட் கூலி கேட்க முடியாது என்கிறது 220ஆம் பிரிவு. ஆக, அந்த 4,40,000 ரூபாயையும் நீங்கள் கொடுத்த மூன்றரை லட்சத்தையும் சேர்த்துக் கேட்க உங்களுக்கு வலுவான அடிப்படை இருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று காட்டுவது இந்தக் கோரிக்கையின் மையம் இல்லை, அவருக்கு எவ்வளவு ஆதாயம் என்பதே மையம். நிரூபிக்கும் சுமை இல்லை என்று மேலே சொன்னது இதனால்தான்.

இங்கிலாந்தில் இதே மாதிரி ஒரு வழக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. மான்டே கார்லோவில் உள்ள ஒரு ஹோட்டலை 21 கோடியே 15 லட்சம் யூரோவுக்கு ஒரு முதலீட்டாளர் குழு வாங்கியது. அவர்களுக்காக விலை பேசிய ஆலோசனை நிறுவனம், விற்றவரிடமும் தனியாக ஒப்பந்தம் போட்டு ஒரு கோடி யூரோ வாங்கியிருந்தது. அந்தப் பணம் வாங்கிய நாளிலிருந்தே வாங்குபவர்களுக்குச் சொந்தம் என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, வாதத்தில் எடுத்துக்காட்டலாம். 'ஃபீல்டில் சகஜம்' என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. அரசுத் துறைகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனங்களுக்குக் கணினி விற்பவர்கள் பணம் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டில், ஹெச்பி 2010இல் 5.5 கோடி டாலரும், அக்செஞ்சர் 2011இல் 6.3 கோடி டாலருக்கும் அதிகமாகவும் அமெரிக்க அரசுக்குக் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல்தான் முடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சகஜமாக நடக்கிறது என்பதால் கேள்வி கேட்க முடியாது என்று ஆகிவிடவில்லை.

எழுத்தில் எதுவும் இல்லையே?

இருக்கிறது. வாட்ஸ்அப் கொட்டேஷன், உங்கள் 'ஓகே சார்', இன்வாய்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், இவையெல்லாம் சேர்ந்தால் அது ஒப்பந்தம்தான். முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம் என்பது நம் ஊரில் பலர் வைத்திருக்கும் தவறான நம்பிக்கை.

இப்போது அந்த 'நியூட்ரல்மா' வரிக்கு வருகிறேன். பொதுவாக ஒருவர் வாய் திறக்காமல் இருந்தார் என்பது மட்டும் சட்டப்படி மோசடி ஆகிவிடாது. பேச வேண்டிய கடமை இருந்தும் பேசாவிட்டால் ஆகும், அதை நாம் நிறுவ வேண்டும். அப்போதும், 'கொஞ்சம் விசாரித்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்குமே' என்று 19ஆம் பிரிவின் விதிவிலக்கைக் காட்டி எதிர்த்தரப்பு தப்பிக்கப் பார்க்கும். நீங்களோ விசாரித்திருக்கிறீர்கள், நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள். கேட்ட பிறகும் நியூட்ரல் என்று சொன்னது வெறும் மௌனம் இல்லை, தெரிந்த உண்மையை மூடி மறைத்தது. ஆகவே அந்தப் போனைப் பத்திரமாக வையுங்கள். மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், வாட்ஸ்அப்பில் தானாக அழியும் அமைப்பு இருந்தால் இப்போதே நிறுத்துங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணு ஆவணங்களை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், மூலச் செய்தி கையில் இருந்தால் அது சுலபம். தவறி வந்த மெயிலையும் அப்படியே விடுங்கள், யாருக்கும் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம். யாருடைய கணினிக்குள்ளும் நீங்கள் புகவில்லை, உங்கள் பெட்டிக்கு வந்த மெயில் அது.

அந்த மெயிலை முதல் கடிதத்திலேயே காட்டிவிடாதீர்கள் என்பதற்கு இரண்டு காரணம். அதை அனுப்பியது அக்கவுண்ட்ஸில் உள்ள ஒரு பெண் என்கிறீர்கள். தேவைப்படும் நாள் வரை அவர் வேலைக்கு நாம் உலை வைக்க வேண்டாம். அடுத்தது உத்தி. ஆலோசகருக்கு இப்படி ஒரு மெயில் மட்டும் போடுங்கள்: 'இரண்டாம் கட்டத்துக்கு முன் எங்கள் கோப்புக்காகக் கேட்கிறோம். இந்த மென்பொருள் கம்பெனியிடமிருந்து உங்களுக்கோ, உங்கள் குடும்பத்தினருக்கோ, அவர்கள் நிறுவனங்களுக்கோ ஏதாவது தொகை வந்திருக்கிறதா, வர வேண்டியிருக்கிறதா என்று ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.' ஏஜென்ட் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர், ஒப்பந்தச் சட்டத்தின் 213ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. போனில் சொன்னதை எழுத்தில் ஒப்புக்கொண்டால் உங்களுக்கு நல்லது. மறுத்தால், அந்த மறுப்பு நீதிபதி முன்னால் அவருக்குத்தான் பாரமாகும்.

மென்பொருள் ஒப்பந்தம்

இங்கே நிதானம் தேவை. ஆலோசகர் வேறு, மென்பொருள் கம்பெனி வேறு. 34 லட்ச ரூபாய் ஒப்பந்தத்தையே ரத்து செய்ய வேண்டுமானால், மறைத்ததில் கம்பெனிக்கும் பங்கு உண்டு என்று காட்ட வேண்டும். அவர் உங்களிடம் கட்டணம் வாங்குகிறார் என்று தெரிந்தே கமிஷன் கொடுத்தார்களா? 'இவர் எங்கள் தரப்பு ஆலோசகர்' என்று நீங்கள் அறிமுகப்படுத்திய மீட்டிங்கின் குறிப்பில் அவர்களுடைய சேல்ஸ் மேலாளரின் பெயரும் இருக்கிறது என்கிறீர்கள். அது உதவும். ஆனால் வெறும் ரீசெல்லர் என்றே நினைத்திருந்தோம் என்று அவர்கள் சொன்னால், அதையும் நீதிமன்றம் கேட்கும். 20 லட்சமும் முழுதாகத் திரும்பி வரும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கமிஷன் பேச்சே இல்லாமல், ஒப்புக்கொண்ட வேலை நடக்கவில்லை என்று கேட்பது. ஒப்பந்தத்தின் இணைப்பில் 'ஜாப் ஒர்க், ப்ராசஸ் லாஸ் உட்பட' என்று ஒரு வரி இருக்கிறது. எட்டு மாதத்தில் அது நிறைவேறவில்லை. எந்தத் தேதியில் எந்த லாட்டுக்கு மென்பொருள் என்ன காட்டியது, டிசி புத்தகம் என்ன சொல்கிறது என்று இருபது லாட்டுகளுக்கு ஒரு அட்டவணை போடுங்கள். அந்தப் பையனின் டிசி புத்தகம்தான் உங்கள் முக்கிய சாட்சி, பழைய பேப்பர்க்காரருக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுப்பதைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். காரணம் சொல்லாமல் நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆவீர்கள். அதேபோல, விஷயம் தெரிந்த பிறகு ஆட்சேபம் சொல்லாமல் தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டும் பணம் கட்டிக்கொண்டும் இருந்தால், நீங்களே ஏற்றுக்கொண்டதாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழிதான், வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ். 'எங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், வியாபாரம் நிற்காமலிருக்கப் பயன்படுத்தி வருகிறோம், இன்ன வேலை முடியும் வரை இன்ன தவணை நிறுத்தி வைக்கப்படுகிறது' என்று அதில் எழுத வேண்டும். வெளியேறினால் மீதி வருடங்களின் ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணம்) முழுவதையும் கட்ட வேண்டும் என்ற ஷரத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். அப்படி எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது, அதற்கு உட்பட்டு நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. தகராறு வந்தால் கம்பெனியே ஆர்பிட்ரேட்டரை, அதாவது கோர்ட்டுக்கு வெளியே தீர்ப்புச் சொல்லும் நடுவரை, நியமிக்கும் என்ற ஷரத்தும் இன்று நிற்காது. உச்ச நீதிமன்றம் 2019இலும், மறுபடி 2024இல் அரசியல் சாசன அமர்விலும் இதைப் பேசிவிட்டது. ஆர்பிட்ரேஷன் இருக்கும், நடுவரை அவர்கள் மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது.

போலீஸ், நுகர்வோர் நீதிமன்றம், வாட்ஸ்அப் குழு

நுகர்வோர் நீதிமன்றம் உங்களுக்குப் பொருந்தாது. வியாபாரத்துக்கு வாங்கிய மென்பொருள், 2019ஆம் ஆண்டு சட்டத்தில் வணிக நோக்கம் என்ற விலக்கில் வந்துவிடும். ஊழல் தடுப்புச் சட்டம் அரசு ஊழியர் சம்பந்தப்பட்டதற்கு, தனியார் கமிஷனுக்கு அது வராது. ஏமாற்றுதல் என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் புகார் கொடுக்க வழி இருக்கிறதுதான். ஆனால் முதல் அடியாக அதை வைக்காதீர்கள். சிவில் தகராறைக் கிரிமினல் ஆக்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது, ஸ்டேஷனிலும் அதைத்தான் சொல்லி அனுப்புவார்கள். எழுத்தில் மறுத்துவிட்டு, ஆவணம் அதற்கு நேர்மாறாக இருந்தால் அப்போது யோசிக்கலாம். 'போலீஸுக்குப் போவேன்' என்று சொல்லிப் பணம் கேட்கவே கேட்காதீர்கள்.

ஏற்றுமதியாளர் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரைப் போட நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்கள் ஏமாறக் கூடாது என்ற உங்கள் எண்ணம் நல்லது. ஆனால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வந்து, கவனம் முழுவதும் அங்கே திரும்பிவிடும். இப்போது வேண்டாம்.

ஆலோசகர் மேல் சிவில் வழக்கு என்று போனால், மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறு என்பதால் 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டத்தின்கீழ் வரும். அவசர உத்தரவு எதுவும் கேட்கவில்லையென்றால், வழக்குக்கு முன் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். இதைச் சுமையாக நினைக்காதீர்கள். இந்த மாதிரி விஷயத்தில் பேசி முடிப்பதற்குத் தோதான இடம் அதுதான், வெளியே பெயர் போகாது என்பது ஆலோசகருக்கும் வசதி. அங்கே கையெழுத்தாகும் சமரசத்துக்கு ஆர்பிட்ரேஷன் தீர்ப்புக்குரிய பலம் உண்டு. காலக்கெடு பொதுவாக மூன்று வருடம், மறைத்த விஷயங்களில் கண்டுபிடித்த நாளிலிருந்து எண்ணிக்கை தொடங்கும்.

ஒன்றைக் கேட்க வேண்டும். உங்கள் ஃபர்ம் ரிஜிஸ்ட்ரார் ஆஃப் ஃபர்ம்ஸிடம் பதிவாகியிருக்கிறதா? ஜிஎஸ்டி எண் இருப்பதும் பான் இருப்பதும் இதற்குக் கணக்காகாது. பதிவாகாத கூட்டு நிறுவனம் ஒப்பந்த உரிமைக்காக வழக்குப் போட முடியாது என்று 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு தடுக்கிறது. நல்ல வழக்குகள் இந்த ஒரு காகிதத்துக்காகத் திரும்பிப் போவதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். இல்லையென்றால் இந்த வாரமே வேலையை ஆரம்பியுங்கள்.

சித்தப்பா

கடிதத்தில் நீங்கள் வெளிப்படையாக எழுதாத சந்தேகம் ஒன்று இருக்கிறது, அது எனக்குப் புரிந்தது. அந்தக் கமிஷனில் சித்தப்பாவுக்கும் பங்கு போயிருக்குமோ? அதற்கு உங்களிடம் ஒரு துண்டு ஆதாரமும் இல்லை. தான் கூட்டி வந்த ஆள் இப்படிச் செய்துவிட்டானே என்ற கூச்சத்திலும் ஒருவர் முகம் கொடுக்காமல் இருக்கலாம், எனக்கு அதுதான் அதிகம் தோன்றுகிறது. ஒரு பங்குதாரர் ஃபர்மின் வியாபாரத்தில் தனியாக ஆதாயம் பெற்றால் ஃபர்முக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்தச் சட்டத்தை இன்று கையில் எடுத்துக்கொண்டு அவர் முன் போய் நிற்காதீர்கள். மூவரும் உட்கார்ந்து, "சித்தப்பா, நாம எல்லாரும் சேர்ந்துதான் ஏமாந்திருக்கோம், நோட்டீஸில் உங்க கையெழுத்தும் வேணும்" என்று கேளுங்கள். அவர் போடுகிறாரா, தயங்குகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அடுத்த ஆலோசகர்

எந்தக் கம்பெனியுடனும் தொடர்பே இல்லாதவரைத் தேடாதீர்கள், கிடைக்க மாட்டார். மென்பொருள்களை நன்றாகத் தெரிந்தவருக்கு அவற்றை விற்பவர்களையும் தெரிந்துதான் இருக்கும். தொடர்பை முன்கூட்டியே சொல்லிவிடுபவர் போதும். வேலை கொடுக்கும் முன் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். கடந்த மூன்று வருடத்தில் எந்தெந்த மென்பொருள் கம்பெனிகளிடமிருந்து அவருக்கும் மனைவி, மக்கள், உறவினர் நிறுவனங்களுக்கும் வருமானம் வந்தது, இந்த வேலையில் அவருக்கு வரும் பணம் உங்கள் கட்டணம் மட்டும்தான், வேறு எது வந்தாலும் அது உங்களைச் சேரும், தேர்வு செய்து தருபவரே நிறுவித் தரும் வேலையை எடுக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது மத்திய அரசின் கொள்முதல் நடைமுறையில் உள்ள விதிதான். தனியாரான உங்களை அது கட்டுப்படுத்தாது, ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போட முகம் சுளிப்பவரை அன்றே அனுப்பிவிடலாம்.

ஆடிட்டரிடமே கேட்டுவிடலாம் என்று அப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கருத்துக் கேளுங்கள், தேர்வை ஒப்படைக்காதீர்கள். லிமிடெட் கம்பெனிகளின் ஆடிட்டர், அதே கம்பெனிக்கு நிதித் தகவல் அமைப்பை வடிவமைத்தோ நிறுவியோ தரக் கூடாது என்று 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 144ஆம் பிரிவு தடுக்கிறது. ஃபர்முக்கு அது பொருந்தாது, காரணம் பொருந்தும்.

எந்த மதிப்பெண் அட்டவணையையும்விட நல்ல சோதனை ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. முடிந்துபோன ஒரு ஆர்டரை எடுங்கள். நூல் பில், நிட்டிங் டிசி, சாயப்பட்டறையிலிருந்து திரும்பிய எடை, கட்டிங் ரிப்போர்ட், பேக்கிங் லிஸ்ட், எல்லாவற்றையும் கொடுத்து, "இதை உங்கள் மென்பொருளில் என் கண் முன்னால் போட்டுக் காட்டுங்கள்" என்று ஒவ்வொரு கம்பெனியையும் கேளுங்கள். டெஸ்பாட்ச் பையனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். விலையை நீங்களே பேசுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டாம் கட்ட ஒப்பந்தம். உண்மை தெரிந்த பிறகும் அதே ஆளை மாதம் 60,000 கொடுத்து நீங்களே அமர்த்தினால், மேலே சொன்ன வாதங்களில் பாதி கரைந்துவிடும். மாத இறுதிக்குள் என்று அவசரப்படுத்துவது அவர்கள் வசதிக்கு, உங்களுக்கு அந்தத் தேதியில் எந்த நஷ்டமும் இல்லை. அந்த ஏழு நாள் மெயிலுக்குப் பதில் வரட்டும், அதை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் வக்கீல் ஒருவரை நேரில் பாருங்கள். அதுவரை யார் போன் செய்து கேட்டாலும், "பேப்பர் வக்கீல்கிட்ட இருக்கு, பார்த்துட்டுச் சொல்றோம்" என்று மட்டும் சொல்லுங்கள்.